பரிசு இல்லை, நடுவர் இல்லை, 4,400 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம்... தெரியுமா?

நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசுப் பணம் கிடையாது. நடுவர், கூடவே வரும் ஆம்புலன்ஸ், தண்ணீர்ப் பந்தல், மெடல், மாலை எதுவுமே கிடையாது! இப்படியும் ஒரு மலை சைக்கிள் பந்தயம் வருஷா வருஷம் நடக்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் என்றால் நம்புவீர்களா? பெயர் டூர் டிவைட். ஜூன் மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, கனடாவின் பான்ஃப் நகரில் கிளம்ப வேண்டும். ராக்கி மலைத்தொடரை ஒட்டித் தெற்கே இறங்கி, மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் என்ற இடத்தில் முடிக்க வேண்டும். கனடாவில் இரண்டு மாகாணங்கள், அமெரிக்காவில் ஐந்து மாநிலங்கள். பெரும்பகுதி மண்பாதையும் சரளையும் காட்டு ஜீப் தடமும்தான். ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டிப் பாருங்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஐந்து எவரெஸ்ட்டுக்குக் குறையாது!

இதில் ஓட்டுகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? சம்பளம் வாங்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டும் வீரர்கள் விரல் விட்டு எண்ணுமளவுக்குத்தான். மற்றவர்கள் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் சமாதானம் சொல்லிவிட்டு வந்த சாதாரண ஜனங்கள். முதல் ஆளாக வருகிறவரைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். எனக்கென்னவோ 22, 25 நாளில் வந்து சேர்கிறாரே, அவர்தான் பெரிய அதிசயமாகப் படுகிறார். அவர் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டும். மண்பாதையில், ஏற்றத்தில், மூட்டையோடு! விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மிதித்தால்தான் அது முடியும். வேகக்காரர் வீடு போய்ச் சேர்ந்து ஒரு வாரம் ஆன பின்னும் இவர் மழையிலும் வெயிலிலும் மிதித்துக்கொண்டே இருப்பார்.

இந்தப் பாதையைப் பந்தயத்துக்காக யாரும் போடவில்லை. அட்வென்ச்சர் சைக்கிளிங் அசோசியேஷன் என்ற அமெரிக்க அமைப்பு, நிதானமாக ஊர் சுற்றும் சைக்கிள்காரர்களுக்காக 1990களில் வரைபடம் தயாரித்தது. மைக்கேல் மெக்காய் என்பவர் முன்னின்று பழைய மண்பாதைகளை ஒன்றோடு ஒன்று கோத்துக் கொடுத்தார். ஆற அமர இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம் என்ற பாதை அது. 1999ல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் வந்தார். மொன்டானாவின் வட எல்லையில் கிளம்பி, சுமார் 4,000 கிலோமீட்டரைத் தன்னந்தனியாக 18 நாள் 5 மணி நேரத்தில் முடித்துவிட்டார்! பான்ஃபிலிருந்து கிளம்பும் இன்றைய பந்தயம் 2008ல் தொடங்கியது.

ஸ்டாம்ஸ்டாட் யார் தெரியுமா? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கேனான் என்ற இடத்தில் 24 மணி நேர மலை சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்து வந்தது. நாலு பேர் கொண்ட அணி, ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்ட வேண்டும். தனி ஆளுக்கு அப்போது அனுமதி இல்லை. 1996ல் இந்த மனிதர் என்ன செய்தார்? தன் பெயரையே நாலு விதமாக எழுதி, நாலு பேர் அணி என்று பதிவு செய்துவிட்டார்! பிறகு நாலு பேர் வேலையையும் ஒருவராகவே 24 மணி நேரமும் ஓட்டினார். பின்னால் இப்படிப்பட்ட பந்தயங்களில் தனியாள் பிரிவு என்றே ஒன்று வந்ததற்கு அவருடைய இந்தக் குறும்பும் ஒரு காரணம்.

சரி, நடுவர் இல்லையென்றால் விதி? இருக்கிறது, கறாராகவே இருக்கிறது! உன் பாட்டை நீயே பார்த்துக்கொள். அதுதான் மொத்த விதியின் சாரம். முன்கூட்டி ஏற்பாடு செய்த உதவி கூடாது. மனைவி காரில் வந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது. நண்பர் முன்னால் ஓட்ட, அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காற்றுக்குத் தப்பிக்கக் கூடாது. வண்டியேறிப் பாதையில் ஒரு கிலோமீட்டர்கூட முன்னேறக் கூடாது. ஆனால் வழியில் கடை இருக்கிறதா, வாங்கிச் சாப்பிடலாம். லாட்ஜ் இருக்கிறதா, படுக்கலாம். எல்லாருக்கும் கிடைப்பது உனக்கும் கிடைக்கலாம், உனக்கென்று தனியாக எதுவும் வரக் கூடாது. இதை யார் கண்காணிப்பது என்கிறீர்களா? ஒவ்வொருவர் சைக்கிளிலும் ஒரு சின்ன சாட்டிலைட் கருவி இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது இருக்குமிடத்தை அனுப்ப, இணைய வரைபடத்தில் ஆளுக்கொரு புள்ளியாகத் தெரியும். அவ்வளவுதான்! மிச்சமெல்லாம் மனசாட்சி.

அந்தப் புள்ளிகளுக்கு எத்தனை ரசிகர்கள் தெரியுமா! ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் புள்ளி பார்ப்போர் என்றே பெயர். ஓட்டுகிறவர் பாதை தவறினால் அவருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். கூப்பிட்டுச் சொல்ல வழியில்லாமல் தவிப்பார்கள். புள்ளி மூன்று மணி நேரம் நகராவிட்டால் வீட்டில் ஒரே கலவரம். பல நேரம் விஷயம் ஒன்றுமே இருக்காது. பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஆள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்!

பெயரில் வரும் ‘டிவைட்’ என்பது கண்டத்தின் நீர்ப்பிரி முகடு. அதன் மேற்கே பெய்யும் மழை பசிபிக் போகிறது, கிழக்கே பெய்வது அட்லாண்டிக் பக்கம் ஓடுகிறது. பாதை அந்த முகட்டை ஏறக்குறைய 30 தடவை தாண்டுகிறது! இதைவிட ஆச்சரியம் வயோமிங்கில் காத்திருக்கிறது. அங்கே முகடு இரண்டாகப் பிரிந்து, நடுவே பெரிய படுகையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்று சேர்கிறது. கிரேட் டிவைட் பேசின் என்று பெயர். அதற்குள் விழும் மழை எந்தக் கடலுக்கும் போகாது! மண்ணில் இறங்கும், இல்லையென்றால் ஆவியாகும். மரம் இல்லை, நிழல் இல்லை. அட்லாண்டிக் சிட்டி என்ற குட்டி ஊரில் தண்ணீர் பிடித்துக்கொண்டால், ராலின்ஸ் போய்ச் சேரும் வரை சுமார் 200 கிலோமீட்டர் கடை கண்ணி கிடையாது. காட்டுக் குதிரைகள் உண்டு. வட அமெரிக்காவிலேயே வேகமாக ஓடும் விலங்கான பிராங்ஹார்ன் மான்களும் உண்டு. எதிர்க்காற்று வீசும் நாளில் அவை பக்கத்தில் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனால், சைக்கிள்காரருக்கு எப்படி இருக்கும்!

கரடி? ஐயோ, அதை விட்டுவிட்டேனே! வட பாதியில் பெரும்பகுதி கிரிஸ்லி கரடி நாடு. பாட்டிலில் அடைத்த மிளகாய்க் கார ஸ்ப்ரேயை ஹேண்டில்பார் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவார்கள். வளைவுகளில் தனக்குத்தானே சத்தம் போட்டுப் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் போவார்கள். திடுக்கிட வைத்தால் கரடிக்குக் கோபம் வரும். ராத்திரி சாப்பாட்டுப் பையைப் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பசியில் மயங்கி விழும் நிலையிலும் இதை மறக்கக் கூடாது.

ஜூனில் பனியா என்று கேட்காதீர்கள். மொன்டானாவின் உயரமான கணவாய்களில் அப்போதும் பனி கிடக்கும். சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் நடப்பார்கள். 2011ல் பனி அவ்வளவு இருந்ததால் பாதையையே பல இடங்களில் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அனுபவப்பட்டவர்களைக் கேளுங்கள், பனியைவிடச் சேறுதான் அவர்களை அழ வைக்கும்! நியூ மெக்சிகோவின் களிமண் மேல் ஒரு மழை பெய்தால் போதும். பத்தடி உருள்வதற்குள் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் அடைத்துக்கொண்டு சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டினால் மறுபடி பத்தடி. தோளில் தூக்கலாம் என்றால் மண்ணோடு சேர்ந்து சைக்கிள் இரண்டு மடங்கு கனக்கும். பேசாமல் உட்கார்ந்து, தரை காயும் வரை காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். கியரும் செயினும் கெட்டால் அடுத்த சைக்கிள் கடை எத்தனை மலை தாண்டியோ!

உடம்பு என்ன பாடுபடும் தெரியுமா? உட்காருமிடத்துப் புண்ணை விடுங்கள், அது எல்லாருக்கும் வருவது. கைதான் விசித்திரம். நாள் முழுக்க ஹேண்டில்பாரில் அழுந்தி, உள்ளங்கை வழியே ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். வீடு திரும்பி வாரக்கணக்கில் சட்டைப் பொத்தான் போட முடியாமல், பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் திண்டாடுவார்கள். சிலருக்கு அதைவிட மோசம், கழுத்துத் தசை அடியோடு கைவிட்டுத் தலை தொங்கிவிடும். இந்த நிலைக்கு ஷெர்மர் கழுத்து என்று பெயர். 1983ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் சாலைப் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மருக்கு இப்படி ஆனது. போலி அறிவியலைத் தோலுரிக்கும் எழுத்தாளராகப் பின்னாளில் பேர் வாங்கினாரே, அவரேதான்! உபரி டியூபையும் பை வாரையும் கட்டித் தலையை நிமிர்த்திக்கொண்டு ஓட்டியவர்கள்கூட உண்டு.

லேல் வில்காக்ஸ் என்ற அலாஸ்காப் பெண்ணின் கதையைச் சொல்லாமல் போகக் கூடாது. 2015ல் பந்தயத்துக்கு எப்படி வந்தார் தெரியுமா? சைக்கிளிலேயே! ஆங்கரேஜிலிருந்து பான்ஃப் வரை 3,000 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்து, அங்கிருந்து பந்தயம் தொடங்கினார். வழியில் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார். 17 நாளில் முடித்து, அதுவரை எந்தப் பெண்ணும் எட்டாத நேரத்தைக் காட்டினார். போதும் என்று போய்ப் படுத்தாரா? அதே கோடையில் திரும்பி வந்து, தனியாக மறுபடி முழுப் பாதையையும் ஓட்டி 15 நாள் 10 மணி 59 நிமிடம் ஆக்கிக் காட்டினார்! அடுத்த ஆண்டு அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் ஆம் சாலைப் பந்தயத்தில் ஆண்களையும் சேர்த்து முந்தி முதலில் வந்தார். கடைசி நாள் விடியலில் முன்னணியில் இருந்தவர் தூக்கக் கலக்கத்தில் எதிர்த்திசையில் ஓட்டி வந்து இவர் மேலேயே மோதாத குறை! சேர்ந்தே முடிப்போமா என்று அவர் கேட்டார். முடியாது, இது பந்தயம் என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார் லேல்.

ஆண்களில் பிரிட்டனின் மைக் ஹால் 2016ல் டூர் டிவைடை 13 நாள் 22 மணி 51 நிமிடத்தில் முடித்தார். நாளுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல்! மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தின்போது கார் மோதி இறந்துபோனார். அவருடைய நேரத்தைப் பிறகு வந்தவர்கள் முந்திவிட்டார்கள். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை யாரும் முடிப்பதில்லை. இன்னொரு தகவலும் இருக்கிறது: 2009ல் ஜே, டிரேசி பீட்டர்வேரி என்ற கணவன் மனைவி இருவரும் இரட்டை இருக்கைச் சைக்கிளில் முழுப் பாதையையும் ஓட்டினார்கள். வழியில் சண்டை வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

சாப்பாட்டுக்கு வருவோம். பெட்ரோல் பங்க் கடைதான் இவர்களுக்கு அன்னசத்திரம். ஐஸ்கிரீம், சிப்ஸ், மைக்ரோவேவில் சூடாக்கிய பரீட்டோ, இனிப்பு ரொட்டி என்று எது கிடைத்தாலும் உள்ளே போகும். இரண்டு நாளுக்கு வேண்டியதும் பையில் ஏறும். எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைத்துக்கொண்டே போகும். நியூ மெக்சிகோவில் பை டவுன் என்றே ஓர் ஊர் இருக்கிறது. 1920களில் ஒருவர் அங்கே உலர்ந்த ஆப்பிளில் பை என்ற பலகாரம் செய்து விற்றாராம். அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. 3,500 கிலோமீட்டருக்கு மேல் அதே நினைப்பாக வந்து, ராத்திரி கடை மூடிய பிறகு போய்ச் சேர்ந்த துரதிர்ஷ்டசாலிகள் எத்தனை பேர்! ஆனால் அங்கே ஒரு வீடு உண்டு. வாசலெங்கும் பழைய டோஸ்டர்களைத் தோரணம் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நெடுந்தூரம் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் படுத்துப் போகலாம் என்று கதவு திறந்தே கிடக்கும்.

அவ்வளவு நாள் லீவு கிடைக்காதே என்பவர்களுக்கு, அதே ராக்கி மலையில் ஒரு நாள் வேதனையும் இருக்கிறது! கொலராடோவின் லெட்வில். கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் சுரங்க ஊர். 1980களின் தொடக்கத்தில் கிளைமாக்ஸ் சுரங்கம் மூடியதும் ஊரே வேலையிழந்து நின்றது. சுரங்கத் தொழிலாளியான கென் க்ளோபர் ஊருக்கு ஆட்களை வரவழைக்க 1983ல் 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார். 1994ல் அதே தூரத்துக்கு மலை சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் என்ன தருவார்கள் தெரியுமா? இடுப்பு பெல்ட் பக்கிள்! அந்த ஒரு துண்டு உலோகத்துக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, குலுக்கலில் பேர் விழுமா என்று ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

டூர் டிவைடில் பக்கிளும் இல்லை. ஆன்டிலோப் வெல்ஸ் என்றால் ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு எல்லைச் சாவடி, ஒரு வேலி, ஒரு பலகை. பலகையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பந்தயம் முடிந்தது. அதற்கப்புறம்தான் இன்னொரு தலைவலி, பஸ்ஸோ ரயிலோ இல்லாத அந்த இடத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது? யாராவது காரில் வந்து ஏற்றிக்கொள்ள முன்னமே சொல்லி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் இருக்கும் ஹச்சிட்டா என்ற சின்ன ஊர் வரை எழுபது கிலோமீட்டருக்கு மேல் திரும்ப மிதிக்க வேண்டும். இதையும் தாண்டி, அங்கே போய்ப் பலகையைத் தொட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பி, அதே பாதையில் பான்ஃப் வரைக்கும் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். அதற்கு யோ-யோ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்!