உரிமமும் அந்தரங்கமும்

பிழைப்பின் நிமித்தம் பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழர், தம் மொழியில் மனம் விட்டுப் பேச ஓரிடம் தேடுவது இயல்பே. அல்சூர்த் தமிழ்ச் சங்கம் அத்தகையதோர் இடம். கைப்பேசியில் இயங்கும் சமூக வலைத்தளங்கள் இக்காலத்துத் திண்ணைகள் எனலாம். ஆனால் அத்திண்ணை யாருக்குச் சொந்தம்?

இதே பெங்களூரில் 2020-ஆம் ஆண்டு 'கூ' என்னும் தளம் தோன்றிற்று. கன்னடம், தமிழ் முதலிய மொழிகளில் எழுத அது வழி செய்தது. 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. ஒரே நிறுவனத்தின் இல்லத்தில் குடியிருப்போர், கதவு சாத்தப்படும் நாளில் வேறிடம் தேட வேண்டியவரே.

இக்குறையை நீக்க எழுந்ததே பரவலாக்கப்பட்ட வலையமைப்பு. ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்பவர் 2016-இல் வெளியிட்ட 'மாஸ்டடான்' இவ்வகையினது. இதில் தலைமை நிலையம் என ஒன்று இல்லை. ஊர்தோறும் உள்ள அஞ்சல் நிலையங்களைப் போலப் பல சர்வர்கள் தனித்தனியே இயங்கி, தம்முள் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. ஒன்று பிடிக்கவில்லையாயின் மற்றொன்றுக்கு மாறலாம். நம்மைப் பின்தொடர்வோரையும் அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் மட்டும் உடன் வாரா.

மாஸ்டடானின் மூல நிரல் 'அஃபெரோ' பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுள்ளது. நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்திய நிரலைக் கொண்டு வலைவழியே சேவை நடத்துவோர், அதன் மூலத்தைத் தம் பயனர்களுக்கு வழங்கவும் வேண்டும். 2021-இல் அமெரிக்காவின் 'ட்ரூத் சோஷியல்' தளம் இந்நிரலை எடுத்தாண்டு மூலத்தை வெளியிடாதிருந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அது வெளியிடப்பட்டது. உரிமத்தின் வலிமை இதனால் விளங்கும்.

ஆயினும் நேயர்கள் இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். உரிமம் காப்பது நிரலின் சுதந்திரத்தை. நம் அந்தரங்கத்தை அன்று. வீட்டின் வரைபடத்தை எல்லோரும் காணலாம் என்பதனால், வீட்டுக்காரர் நம் பெட்டியைத் திறக்கமாட்டார் என்று ஆகிவிடாது. மாஸ்டடானில் ஒருவருக்கு மட்டும் எழுதும் செய்தியையும் சர்வரை நடத்துவோர் படிக்க இயலும். நாம் அழித்த பதிவு, அது ஏற்கெனவே சென்று சேர்ந்த பிற சர்வர்களிலும் அழியும் என்பதற்கு உறுதியில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி என்பது இந்நகரத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டம் உரிமையைத் தரும். திறந்த உரிமம் நிரலை ஆராய இடந்தரும். இவ்விரண்டும் இருந்தும், சர்வரை நடத்துபவர் யார், அவர் எதனைச் சேமிக்கிறார், எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்று கேட்டறிவது நம் பொறுப்பே. ஊரிலுள்ள தாய்க்கு எழுதும் குடும்பச் செய்தியைத் திண்ணையில் உரக்கப் படிக்க நாம் விரும்புவோமா? அந்த எச்சரிக்கை இங்கும் வேண்டும்.