ஜே1: ஒரு தந்தைவழி மரபின் பயணமும் அரபு நஸபும்

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்பினால், சில வாரங்களில் முன்னோரின் வரலாற்றை அறிக்கையாக்கித் தரும் நிறுவனங்கள் பல இன்று உலகெங்கும் இயங்கி வருகின்றன. அவ்வறிக்கையில் 'ஜே1' என்னும் குறியீட்டைக் காணும் முஸ்லிம் இளைஞர் சிலர், தாம் அரபியர் என்றும், இன்னும் ஒருபடி மேலே சென்று குறைஷியர் என்றும் முடிவு கட்டிவிடுகின்றனர். அக்குறியீடு கிடைக்கப்பெறாத ஸையித் குடும்பத்துப் பிள்ளைகளோ, பாட்டனார் போற்றிக் காத்த ஷஜரா பொய்தானோ என்று மனம் கலங்குகின்றனர். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தாங்க இயலாத சுமையை இரு சாராருமே அவற்றின் மீது ஏற்றுகின்றனர் என்பது நம் கருத்து. இதனைத் தெளிவுபடுத்த, அந்த ஜே1 எங்கே தோன்றியது, எவ்வாறு பரவியது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மனித உயிரணுவில் உள்ள இருபத்து மூன்று இணைக் குரோமோசோம்களுள் ஆணுக்கு மட்டும் உரியது 'ஒய்' குரோமோசோம். மற்றவை ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்வழியும் தந்தைவழியும் கலந்து புதிய கோவையாக மாறுகின்றன. ஒய் குரோமோசோமோ, அதன் முனைகள் நீங்கலாக, தந்தையிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே செல்கிறது. அதிலுள்ள 6 கோடியே 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேதி எழுத்துகளை முதலிலிருந்து முடிவு வரை விடுபடாமல் படித்து முடித்த செய்தி 2023ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

அரபுக் கையெழுத்துப் பிரதிகளைத் தஹ்கீக் செய்து பழகியோருக்கு இது புரிவதற்கு எளிது. பழைய நூலொன்றின் இருபது பிரதிகள் நம் கையில் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஏழு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமாயின், அந்த ஏழும் அப்பிழையைச் செய்த ஏதோவொரு தாய்ப்பிரதியிலிருந்து கிளைத்தவை என்று முடிவு செய்கிறோம். அந்த ஏழில் மூன்று பிரதிகள் இன்னொரு பிழையையும் பொதுவாகக் கொண்டிருந்தால், அவை ஓர் உட்கிளை. ஒய் குரோமோசோமும் இவ்வாறே தந்தை மகனுக்குப் படியெடுத்துத் தரும் ஏடு. படியெடுக்கும்போது அரிதாக ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அம்மாற்றம் அம்மகனின் ஆண்வழி முழுவதிலும் தங்கிவிடுகிறது. இப்பிறழ்வுகளை எண்ணி, இரு கிளைகள் பிரிந்து எத்தனை காலமாயிற்று என்பதையும் ஏறத்தாழக் கணித்துவிடலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. இந்த ஏட்டின் இறுதியில் படியெடுத்தவர் தம் பெயரை எழுதி வைப்பதில்லை.

இன்ன பிறழ்வைக் கொண்டவர் இன்ன கிளையினர் என்று வகுத்து, ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சூட்டும் பொது முறை 2002இல் ஏற்பட்டது. ஜே என்பது அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் அது ஜே1, ஜே2 என இரண்டாகப் பிரிந்தது. ஜே1 கிளையின் அடையாளப் பிறழ்வுக்கு எம்267 என்றும், அதன் மிகப் பெரிய உட்கிளையின் அடையாளத்துக்குப் பி58 என்றும் பெயர். இந்த உட்கிளை 2010ஆம் ஆண்டு ஆய்வில் 'ஜே1இ'. அடுத்த ஆண்டுகளில் 'ஜே1சி3'. பின்னரும் பெயர் மாறியது. பழைய கட்டுரைகளைப் படிப்போர் எழுத்து வரிசையை விட்டுவிட்டுப் பிறழ்வின் பெயரைப் பற்றிக்கொள்வது நல்லது.

ஜே1 எங்கே பிறந்தது? அரேபியாவில் என்றே பலரும் விடை கூறுவர். அதற்குக் காரணமும் உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட யமன் நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 72 பேரும், கத்தரில் 58 பேரும், ஐக்கிய அரபு அமீரகத்தில் 35 பேரும் இக்கிளையினராகக் காணப்பட்டனர். ஆயினும் எண்ணிக்கை மிகுதி பிறப்பிடத்துக்குச் சான்றாகாது. ஒரு நூலின் நூறு பிரதிகள் ஓர் ஊரில் கிடைத்து, அவை அனைத்தும் ஒரே பிழையைக் கொண்டிருந்தால், யாரோ ஒருவர் கொண்டுவந்த ஒற்றைப் பிரதி அங்கே பெருகியது என்றுதான் கொள்ள வேண்டும். வெவ்வேறு வகையான பிரதிகள் எங்கே கலந்து கிடக்கின்றனவோ அந்த இடமே பழமையானது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் ஜே1 கிளையின் பன்மை வடக்கே மிகுகிறது. 172 ஆண்களின் முழு ஒய் வரிசையையும் மேலும் 889 மாதிரிகளையும் ஆராய்ந்து ஹோவ்ஹானெஸ் சஹாக்யானும் அவருடைய குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஜே1 ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு ஈரான், காக்கஸஸ், ஆர்மீனிய மேட்டுநிலம், வட மெசொப்பொத்தேமியா ஆகியவை அடங்கிய நிலப்பரப்பில் தோன்றியது என்கிறது. ஜார்ஜியாவின் சத்சுர்ப்லியா குகையில் ஏறத்தாழ 13,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைக்காரர் ஒருவரின் எலும்பிலிருந்து 2015இல் படிக்கப்பட்ட ஒய் குரோமோசோமும் ஜே1 வகையினதே. அம்மனிதர் வாழ்ந்த காலத்தில் அரபு மொழியும் இல்லை, ஹீப்ரு மொழியும் இல்லை. உழவே இன்னும் தோன்றியிருக்கவில்லை.

தாகெஸ்தான் மலைநாட்டைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பொற்கொல்லர்களுக்கும் ஆயுதக் கலைக்கும் பேர்போன குபாச்சி என்னும் மலையூரில், பரிசோதிக்கப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ அனைவருமே ஜே1 கிளையினராக இருந்தனர். அவர்கள் முஸ்லிம்கள். தாகெஸ்தானின் ஆளும் குடும்பங்களுள் சில தம்மை அரபு வழித்தோன்றல்கள் என்று கூறிவந்ததும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், அரபுப் படைகளோடு வந்த வழித்தோன்றல்கள் இவர்கள் என்று துள்ளி எழுவார். ஆனால் அவர்களிடம் பி58 இல்லை. அரேபியாவில் மிகுந்து காணப்படும் உட்கிளையிலிருந்து இவர்களுடைய கிளை, இஸ்லாம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டது. அவர்கள் பேசும் மொழிகளும் காக்கஸஸ் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒரே குறியீட்டைக் கண்டு உறவு கொண்டாடுவது எத்தகைய தவறுக்கு இட்டுச் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரேபியரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது பி58 உட்கிளைதான். அது ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் அரேபியத் தீபகற்பம், ஷாம், தென் மெசொப்பொத்தேமியா ஆகியவற்றுள் எங்கோ தோன்றியது என்பது அதே 2021ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. மழை குறைந்த நிலங்களில் உழவு செழிக்காது; ஆடு மேய்ப்போர் பிழைத்துக்கொள்வர். மேய்ச்சல் நிலத்தைத் தேடி இடம்பெயரும் தந்தைவழிக் குலங்களில், ஒரு மூதாதையின் ஆண்மக்கள் பெருகி, அவர்களின் மக்களும் பெருகி, சில தலைமுறைகளுக்குள் ஒரு பரந்த நிலம் முழுவதும் ஒரே ஒய் குரோமோசோம் பரவிவிடுவது இயல்பு. பாலைநிலத்தில் பி58 இவ்வளவு மிகுந்திருப்பதற்கு இந்த மேய்ச்சல் வாழ்வும், அதனோடு நடந்த ஸெமிட்டிய மொழிகளின் பரவலும், அல்லது இரண்டும் சேர்ந்தும் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அரபு, ஹீப்ரு, அராமிக், அக்காடியம் ஆகியவற்றின் மூலமொழி ஏறத்தாழ 5,750 ஆண்டுகளுக்கு முந்தியது என 2009இல் மொழியியல் முறையில் கணிக்கப்பட்டுள்ளது.

இனி நம் நஸப் நூல்களை இக்காலக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'அரபியர்' என்னும் பெயர் வரலாற்று ஆவணத்தில் முதன்முதலாகத் தென்படுவது கி.மு. 853இல் கர்கர் என்னுமிடத்தில் நடந்த போரைக் குறிக்கும் அசிரியக் கல்வெட்டில். ஆயிரம் ஒட்டகங்களுடன் வந்த கிந்திபு என்னும் அரபியரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நபி (ஸல்) அவர்களின் தந்தையாரிலிருந்து எண்ணினால் அத்னான் இருபத்தொன்றாம் மூதாதை. அதுவரையே நஸப் அறிஞர்கள் கருத்தொருமித்தனர். அதற்கு அப்பால் உள்ள பெயர்வரிசைகளில் அவர்களிடையே வேறுபாடு மலிந்துள்ளது. தலைமுறைக்கு முப்பது ஆண்டு எனக் கொண்டால் அத்னானின் காலம் நபி (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ 630 ஆண்டுகள் முற்பட்டது. பி58 தோன்றியதோ நம் காலத்திலிருந்து முந்நூறு தலைமுறைகளுக்கும் அப்பால். எனவே பி58 கொண்டவர் என்பதால் ஒருவர் அத்னானின் வழியினர் என்று கூறுவது, ஒரே கடலில் மிதக்கும் இரு கலங்களைக் கண்டு இரண்டும் ஒரே துறைமுகத்திலிருந்து புறப்பட்டவை என்று கூறுவதை ஒக்கும்.

அந்தக் கடலில் யாரெல்லாம் மிதக்கின்றனர் என்பதையும் காண்போம். யூதர்களில் கோஹன் எனப்படும் குருமார் குலத்தினர் நபி ஹாரூன் (அலை) அவர்களைத் தம் மூதாதையாகக் கூறுவர். அவர்களிடையே ஒரு பொதுவான ஒய் வகை மிகுந்திருப்பதாக 1997இலும் 1998இலும் வெளியான ஆய்வுகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. ஹாரூனின் மரபணுவே கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆனால் அன்று ஒப்பிடப்பட்ட இடங்கள் ஆறே ஆறு. அதே ஆறு இடங்களில் அதே எண்கள் யூதர் அல்லாத பலரிடமும் காணப்பட்டன. கூடுதல் இடங்களை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், கோஹன்களில் 46 விழுக்காட்டினர் பி58 கிளையினர் என்றும், எஞ்சியோர் பல வேறு கிளைகளில் சிதறிக் கிடக்கின்றனர் என்றும் தெரியவந்தது. அரபியரையும் கோஹன்களையும் பி58 ஒருங்கே தழுவி நிற்கிறது.

மேற்கே மக்ரிப் நாடுகளில் நிலைமை வேறு. அங்கு அரபு பேசும் மக்களிடையேயும் இ-எம்81 என்னும் பர்பர் மக்களின் பழைய கிளையே மேலோங்கி நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டில் பனூ ஹிலால் குலத்தார் அங்குப் பெயர்ந்து சென்றது மெய். ஆயினும் நாவில் ஏறிய அளவுக்கு அரபு குருதியில் ஏறவில்லை. இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், நஸப் என்பது பெரிதும் மனத்தில் நிற்கும் ஒன்று, அதன் பயன் அது உண்டாக்கும் பிணைப்பிலும் உதவியிலுமே உள்ளது என்ற கருத்தை அன்றே முன்வைத்துவிட்டார். உடன்படிக்கையாலும் மவாலி உறவாலும் ஒரு குலத்தில் சேர்ந்தவர் காலப்போக்கில் அக்குலத்தவராகவே எண்ணப்படுவதையும் அவர் விளக்குகிறார். அவரும் மக்ரிப் மண்ணில் பிறந்தவரே.

நம் துணைக்கண்டத்தைப் பற்றி இரு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் 2010இல் வெளிவந்தன. ஆறு இந்திய முஸ்லிம் சமூகங்களைச் சேர்ந்த 431 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஆராய்ந்த முதலாவது ஆய்வு, அவர்களின் மரபில் பெரும்பகுதி அந்தந்தப் பகுதியின் முஸ்லிம் அல்லாத மக்களோடு ஒத்திருப்பதையும், மேற்காசியச் சாயல் சிறிதளவே தென்படுவதையும் காட்டியது. அண்டை வீட்டாரின் உடன்பிறந்தார் நாம் என்பதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது? மற்றொன்று தம்மை ஸையித் எனக் கூறுவோரைப் பற்றியது. அவர்கள் அனைவரும் அண்மைக் காலத்து ஒரே தந்தைவழி மூதாதையிடம் சென்று சேரவில்லை. ஆயினும் ஸையித், ஹாஷிமி, குறைஷி, அன்சாரி என்னும் சிறப்புப் பெயர்களை உடையோர், பிற அண்டை மக்களைவிட அரபியரோடு கூடுதல் நெருக்கம் உடையவராயிருந்தனர்.

இரண்டாம் ஆய்வை மேற்கோள் காட்டி ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் நஸபை மறுக்கத் துணிவோர் உளர். இது முறையன்று. ஸையிதுகளின் சிறப்பு ஃபாத்திமா (ரலி) அவர்கள் வாயிலாக நபி (ஸல்) அவர்களைச் சென்றடைவது. ஒரு மகளின் வழியாக வரும் அவ்வுறவை ஒய் குரோமோசோம் காட்டாது. அது காட்டக்கூடியது அலீ (ரலி) அவர்களின் ஆண்வழியை மட்டுமே. மேலும், பத்தாம் தலைமுறையில் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டுமே ஒய் பேசும். 1,023 இடங்களைப் பற்றி வாய் திறக்காது.

ஃபிக்ஹு நூல்களில் இதற்கு முன்னோடி உண்டு. ஸைத் (ரலி) அவர்கள் வெண்ணிறத்தவர். அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்கள் கருநிறத்தவர். போர்வைக்கு வெளியே தெரிந்த இருவரின் பாதங்களை மட்டும் கண்ட முஜஸ்ஸிஸ் அல்முத்லிஜீ, இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று கூற, நபி (ஸல்) அவர்கள் மகிழ்ந்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி ஸஹீஹான நூல்களில் உள்ளது. உறுப்புகளின் சாயலைக் கொண்டு உறவை அறியும் இக்கலைக்கு கியாஃபா என்று பெயர். பிள்ளையின் தந்தை யார் என்ற வழக்கு எழுந்து வேறு சான்று இல்லாதபோது ஷாஃபிஈ, மாலிக்கீ, ஹம்பலீ மத்ஹபினர் இதனை ஏற்றனர். ஹனஃபீ மத்ஹபினர் ஏற்கவில்லை. ஏற்றவர்களும், திருமண உறவால் நிலைபெற்ற நஸபை அசைக்க அதனைப் பயன்படுத்த இடமளிக்கவில்லை.

மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு பேரவை 2002 ஜனவரியில் கூடியபோது இந்த அடிப்படையிலேயே மரபணுச் சோதனையைப் பற்றி முடிவெடுத்தது. நஸபை மறுப்பதற்கு இதனை மட்டும் ஆதாரமாகக் கொள்வது கூடாது. லிஆனுக்கு மேலாக இதனை முற்படுத்துவதும் கூடாது. ஷரீஅத்தின்படி நிலைபெற்றுவிட்ட நஸபுகள் சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் நோக்கில் இதனைப் பயன்படுத்துவதும் கூடாது என்பன அம்முடிவில் அடங்கும். நஸப் அறியப்படாத பிள்ளைக்கு இருவர் உரிமை கோரும்போதும், மருத்துவமனைகளில் குழந்தைகள் மாறிவிட்டதாக ஐயம் எழும்போதும், போரிலும் பேரிடரிலும் பிரிந்துபோன பிள்ளைகளை அடையாளம் காணவும், யாரெனத் தெரியாத உடல்களை இனங்காணவும் இதனைப் பயன்படுத்தலாம் என்று அப்பேரவை அனுமதித்தது.