கீரைப் பயிரில் கொழுந்து வெளிறலும் அன்னபேதித் தெளிப்பும்

கீரைத் தோட்டம் வைத்துள்ள குடியானவர்கள் பலர், பயிர் மஞ்சளித்துக் கண்டவுடன் உரம் போதவில்லையென்று எண்ணி யூரியாவை இட்டுவிடுகின்றனர். பச்சை திரும்பாவிடில் மீண்டும் ஒருமுறை இடுகின்றனர். பணம் செலவாவதேயன்றிப் பயிர் தேறுவதில்லை. மஞ்சள் நிறம் ஒன்றாயினும் அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரும்புச் சத்துக் குறைவைக் கண்டறிந்து நீக்கும் வழியை இங்கு விளக்குவோம்.

குறியறிதல்: தழைச்சத்துக் குறைந்தால் அடியிலைகளே முதலில் மஞ்சளிக்கும். இரும்புச் சத்துக் குறைந்தாலோ, அடியிலைகள் பசுமையாகவே இருக்க, நுனிக் கொழுந்து வெளிறும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாய் நிற்கும். நோய் முற்றினால் இலை முழுதும் வெண்மையாகி ஓரங் கருகும். பழைய இலையிலுள்ள இரும்பு புதிய இலைக்கு எளிதில் ஏறிச் செல்லாததே இதற்குக் காரணம். ஆதலால் முதலில் குனிந்து அடியிலையைப் பார்த்து, பின்னரே உரத்தைத் தொடுக.

காரணம்: மண்ணில் இரும்பு இல்லாமையால் இக்குறை வருவது அரிது. கோயம்புத்தூர் மாவட்டத்துச் சுக்கான் கல் கலந்த கரிசல் நிலங்களைப் போன்று சுண்ணாம்பு மிகுந்த மண்ணில், இரும்பு நீரிற் கரையாத துருவாக மாறிவிடுகின்றது. குதிரில் நெல் நிறைந்திருந்தும் திறவுகோலை இழந்தவன் பசித்திருத்தல் போல்வது இது. காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரும், பாத்தியில் நீர் தேங்குதலும் இக்குறையை மிகுவிக்கும். வேரடியில் பழைய ஆணிகளையும் துருவையும் புதைப்பது பயன் தராமைக்கும் இதுவே காரணம்.

வேர் வழி அடைபட்டபோது இலை வழி ஊட்டுதல் கூடும். இரும்பு உப்பினால் வெளிறிய செடிகள் பச்சை பெறுமென்பதை பிரான்ஸ் தேசத்து எய்சேப் கிரீ என்பார் 1843-44ஆம் ஆண்டுகளிலேயே காட்டினார்.

தயாரிக்கும் முறை: 10 லிட்டர் தெளிந்த நீரில் முதலில் 10 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைக்க. பின்னர் 50 கிராம் அன்னபேதியைச் சேர்த்துக் கலக்குக. அன்னபேதி இளம்பச்சை நிறமாயிருத்தல் வேண்டும், பழுப்பேறியது உதவாது. கரைசலும் செந்நிறமடைந்து வண்டல் படிந்தால் கொட்டிவிடுக. பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. சுண்ணாம்பு சேர்ந்த எம்மருந்தோடும் இதனைக் கலத்தலாகாது. வெயில் தாழ்ந்தபின், இலையின் இருபுறமும் நனையுமாறு நுண்துளியாகத் தெளிக்க. பின்னர் வரும் கொழுந்துகள் மீண்டும் வெளிறக்கூடுமாதலின், பத்து நாள் கழித்து மறுமுறை தெளித்தல் நலம்.

எச்சரிக்கை: கீரையில் இலையே விளைபொருள். நான் அறிந்த குடியானவர் ஒருவர், “ஐயா, இருமடங்கு கரைத்தால் இருமடங்கு பச்சை வருமல்லவா?” என்று கேட்டார். வேண்டாமென்று சொல்லியும், நல்ல வெயிலில் மும்மடங்கு கரைத்துத் தெளித்துவிட்டார். மூன்றாம் நாள் தண்டுக்கீரை முழுதும் கரும்புள்ளி விழுந்து, சந்தையில் கேட்பாரற்றுப் போயிற்று. அடுத்த விதைப்பில் ஒரு பாத்தியில் மட்டும் குறித்த அளவே தெளித்துப் பார்த்தோம். ஒரு வாரத்தில் கொழுந்து பச்சை கண்டது. பக்கத்துப் பாத்தி வெளிறியே நின்றது. அதன்பின்னரே தோட்டம் முழுதும் தெளித்தார். எல்லோரும் அவ்வாறே முதலில் ஒரு பாத்தியில் சோதித்தல் வேண்டும். பச்சை திரும்பாவிடில் குறை வேறு. வீண் செலவு செய்யற்க. அறுவடைக்கு முந்திய சில நாட்களில் தெளியாது விடுக; அறுத்த கீரையை நன்கு அலசி விற்க.

நிலத்தைச் சீர்செய்தல்: தெளிப்பு இலைக்கு மருந்தேயன்றி மண்ணுக்கு மருந்தன்று. மட்கிய தொழுவுரத்தை நிறைய இடுதலும், நீர் தேங்காமல் வடிகால் அமைத்தலும், சுண்ணாம்பு மண்ணில் மேலும் சுண்ணாம்பும் சாம்பலும் சேர்க்காமையும் நிலையான பரிகாரங்களாம். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி முடிவறிந்துகொள்க.

கிராம அதிகாரிகள் தம் எல்லையில் கொழுந்து வெளிறும் தோட்டங்களைக் கண்டால், குடியானவர் அடுத்த மூட்டை உரம் வாங்குமுன் இச்செய்தியை அவருக்கு எடுத்துரைப்பாராயின், அதுவே பேருதவியாகும்.