நிழல் ஒளியும் வேளை

பௌதிக சாஸ்திரம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, பள்ளிக்கூடத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அலமாரிதான். அதிலிருந்த கருவிகளைக் கண்ணாடி வழியே தரிசித்தோமேயன்றித் தொட்டோமில்லை!

பௌதிகப் போதனையின் தரத்தை உயர்த்தும் நோக்கத்துடன், 1984-ஆம் ஆண்டில் பேராசிரியர் டி. பி. கண்டேல்வால் இந்திய பௌதிக ஆசிரியர் சங்கத்தை ஸ்தாபித்தார். பிரசங்கங்கள், மகாநாடுகள், மாணவருக்குத் தேசியப் பரீக்ஷை என அதன் பணி விரிந்தது. சர்வதேசப் பௌதிக ஒலிம்பியாடில் 1998 முதல் இந்தியா கலந்துகொள்கிறது. அதற்குரிய தேர்வின் முதற்படி இச்சங்கத்தின் பரீக்ஷையே.

இவையெல்லாம் பட்டணத்துச் சமாசாரங்கள். கிருஷ்ணகிரிச் சீமையின் பாரூருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பாரூர் ஏரிக்கரையில் ஒரு கோலை நேராக நட்டுப் பாருங்கள். ஏப்ரல் பிற்பகுதியில் ஒரு நாள், ஆகஸ்டில் ஒரு நாள், சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்பான். கோலின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். அதுவும் பன்னிரண்டு மணிக்கன்று, பன்னிரண்டே காலுக்குமேல்! நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. பாரூரோ அதற்கு நான்கு பாகைக்கு மேல் மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம்.

ஓசூர்ப் பக்கத்து ஆலைகளில் யந்திரங்களை ஓட்டப்போகும் பிள்ளைகள் இவர்கள். "ஏன்?" என்று கேட்கப் பழகினால், யந்திரங்களைப் படைக்கவும் துணிவார்கள். அதற்கு வேண்டியது ஒரு கோலும், வெயிலில் உடன் நிற்கும் ஓர் ஆசிரியருமே.