குளவியும் குடியானவனும்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. வேதாந்திகள் இதனைக் கீட பிரமர நியாயம் என்று எடுத்தாண்டு, ஒன்றையே இடைவிடாது தியானிப்பவன் அதுவாகவே ஆகிறான் என்பதற்குத் திருஷ்டாந்தமாகக் கூறினார்கள். தத்துவம் உயர்ந்ததே. ஆயினும் மண்கூட்டினுள் நடப்பது வேறு. தாய்க்குளவி புழுவைக் கொட்டி மயக்கிக் கூட்டிற் கிடத்தி, முட்டையிட்டு, வாயிலை அடைத்துவிடுகிறது. முட்டையினின்று வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, சிறகு பெற்று வெளியேறுகிறது. புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று. இவ்வுண்மையை உணர்ந்த பின்னரே, குளவியைக் கொண்டு பயிரைக் காக்கும் வித்தை உலகில் தோன்றியது.

புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் பாகூர்க் கொம்யூனிலும், ஊசுட்டேரி நீரை நம்பியிருக்கும் வில்லியனூர்க் கொம்யூனிலும் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அவ்வயல்களில் கூடுகட்டும் குளவியைக் காட்டிலும் பன்மடங்கு சிறிய குளவிகள் இருக்கின்றன. அவற்றிற் சில அரை மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வெறுங்கண்ணுக்கு அவை தூசியாகவே தோன்றும். மனிதரை அவை கொட்டுவதில்லை. நெற்குருத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சி இலையில் முட்டைக்குவியல் இட்டவுடன், அதைத் தேடி வந்து ஒவ்வொரு முட்டையினுள்ளும் தன் முட்டையைச் செலுத்திவிடும். பிறகு அந்த முட்டையிலிருந்து புழு வருவதில்லை, குளவியே வருகிறது. ஆனைக்கொம்பன் ஈயின் புழுவுக்கும், இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இவ்வாறே தனித்தனிப் பகைவர் உண்டு. பேனும் உண்ணியும் தாம் ஒட்டியிருக்கும் பிராணியைக் கொல்லாமல் அதன் இரத்தத்தில் பங்கு கொள்பவை. இந்த ஒட்டுண்ணிக் குளவிகளோ, தமக்கு இடங்கொடுத்த உயிரைக் கொன்றே தீர்ப்பவை. குடியானவனுக்கு இதைவிடச் செலவில்லாத காவலர் வேறு யார்?

அவை இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றிற்குப் பெயர் வைப்பதால் எவன் பசி தீரும் என்று கேட்பார் உளர். இக்கேள்விக்கு விடை ஆப்பிரிக்காவிலே கிடைத்திருக்கிறது. 1970ம் வருஷங்களின் தொடக்கத்தில் தென் அமெரிக்காவிலிருந்து காங்கோ தேசத்துக்குள் புகுந்த ஒரு மாவுப்பூச்சி, ஏழை ஜனங்களின் ஆகாரமாகிய மரவள்ளியை அழித்துக்கொண்டு கண்டம் முழுவதும் பரவிற்று. அதன் பகைவனைத் தேடி அமெரிக்கா சென்றவர்கள், அங்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சியைக் கண்டு, அதுவே இதுவென்று எண்ணினார்கள். அதன்மேல் வாழ்ந்த குளவிகளோ, ஆப்பிரிக்காவின் மாவுப்பூச்சியை ஏற்க மறுத்தன. காரணம் என்ன? அமெரிக்காவில் முதலிற் கண்டது வேறு இனம். அதில் ஆணும் பெண்ணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ பெண் மாத்திரமே உடையது. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றிய இவ்விரண்டையும் 1981ல் காக்ஸ், வில்லியம்ஸ் என்ற நிபுணர்கள் தனித்தனி இனங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். அதே வருஷத்தில் உண்மைப் பூச்சி பராகுவே தேசத்தில் அகப்பட்டது. அதனுடன் அதன் பகைவனாகிய அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் அகப்பட்டது. இக்குளவிக்கு 1964லேயே டி சாண்டிஸ் என்ற அர்ஜெண்டினா நாட்டு நிபுணர் பெயரிட்டு வைத்திருந்தார். அன்று அவர் வேலையை வீண் என்று எத்தனை பேர் நினைத்தார்களோ! அக்குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்தது. அதை அங்கே பரப்பும் வேலையைத் தலைமைதாங்கி நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இது தூர தேசத்துக் கதையன்று. அதே மாவுப்பூச்சி 2020ல் கேரளத்தில் காணப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளிலும் புகுந்தது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்திலிருந்து அதே குளவியைத் தருவித்துச் சோதித்தது. 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. அதற்கு முன்பு, 2008ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றியது. குடியானவர்கள் மருந்துக்குமேல் மருந்தாக அடித்துக் கை சலித்தார்கள். 2010ல் போர்ட்டோரிகோ தீவிலிருந்து மூன்று சிறு குளவிகள் வந்தன. அவற்றுள் முதன்மையான அசிரோபேகஸ் பப்பாயேவுக்கு 2003ல்தான் பெயர் இடப்பட்டிருந்தது. பூச்சியின் சரித்திரம் இதைவிட விசித்திரமானது. 1955ல் மெக்ஸிகோவில் பிடித்து வைத்த அதற்கு 1992ல்தான் பெயர் வந்தது. பெயர் தெரிந்திருந்தபடியாலன்றோ, எந்தப் பகைவனை எங்கிருந்து அழைப்பது என்று நம்மவரால் உடனே தீர்மானிக்க முடிந்தது!

இத்துறையில் நம்மவர் பிறருக்குக் கடன்பட்டவர்கள் மாத்திரமல்லர்; கடன் கொடுத்தவர்களும் ஆவர். கரும்புக்காரர் அறிந்த டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்வோம். அந்துப்பூச்சி முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றினுள் இக்குளவியை வளர்த்து, அட்டையைத் துண்டாக்கிக் கரும்புத் தோகையில் கட்டுகிறார்கள். இந்தியாவில் அதை ஒரு காலத்தில் மினூட்டம் என்றும், பின்பு ஆஸ்திராலிக்கம் என்றும் அழைத்துவந்தார்கள். உருவம் கொண்டு இவ்வினங்களைப் பிரிப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதற்கு ஒப்பாகும். பெங்களூரில் வேலை செய்த சுதா நாகர்கட்டி என்ற அம்மையாரும் எச். நாகராஜாவும் ஆண் குளவியின் ஜனன உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்து ஆராய்ந்து, இனம் பிரிக்க அதுவே நம்பத்தக்க அடையாளம் என்று 1971ல் பிரசுரித்தார்கள். உலகமெங்கும் இம்முறை ஏற்கப்பட்டது. நம் கரும்பு வயல் குளவியின் சரியான பெயர் கிலோனிஸ் என்பதும் இவர்கள் ஆராய்ச்சியால் 1979ல் விளங்கிற்று. இவ்விருவரும் 1970ல் புதிதாகப் பெயரிட்ட டிரைக்கோகிரம்மா அக்கேயே, நாற்பது வருஷங்களுக்குப் பின் ஸ்பெயின் தேசத்துத் தக்காளிப் பந்தல்களில் தக்காளியைத் துளைக்கும் பூச்சிக்கு எதிராக விற்பனைக்கு வந்தது. பாரத பூமியிற் பெயர் பெற்றது ஐரோப்பாவின் பயிரைக் காத்தது!

ஒரு புதிய இனத்தை ஸ்தாபிப்பது எவ்விதம்? வரப்பிலே மஞ்சள் தட்டு வைத்து, சோப்புக் கலந்த நீரில் விழும் பூச்சிகளை வடித்துச் சாராயத்தில் இடுகிறார்கள். புழு பிடித்த குருத்தையும் முட்டைக்குவியலையும் கொணர்ந்து குழாயில் அடைத்து, எதிலிருந்து எது வெளிவருகிறதென்று காத்திருக்கிறார்கள். இரண்டாவது முறையே மேலானது. யார் யாருக்குப் பகை என்பதை அதுவே சொல்லும். பின்பு நுண்பெருக்கியின் கீழ் உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, சிறகின் நரம்பையும் மயிரையும் அளந்து, அக்குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்ற எல்லாவற்றோடும் ஒப்பிடவேண்டும். மரபணுவையும் இக்காலத்திற் படிக்கிறார்கள். எதனோடும் பொருந்தாவிடில், ஒரேயொரு குளவியை மூலமாதிரியாகத் தேர்ந்து, அது எந்த ஸ்தாபனத்தில் இருக்கிறதென்று குறித்து, வேறுபாடுகளை விவரித்து, லத்தீன் எழுத்தில் பெயர் சூட்டிப் பிரசுரிக்க வேண்டும். இனி வரும் ஆராய்ச்சிக்காரன் எவனுக்கும் அந்த ஒரு குளவியே பிரமாணம்.

இங்கே தேசபக்தர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 18ம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர் அனுப்பிய பூச்சிகளுக்கு பெப்ரீஷியஸ் ஐரோப்பாவில் இருந்தபடியே பெயரிட்டார். புதுவைப் பிரதேசத்தில் மோரீஸ் மேந்திரோன் சேகரித்தவை பாரிஸ் காட்சிச்சாலைக்குச் சென்றன. ஆனைக்கொம்பனின் பகைவனுக்கு 1891ல் பெயரிட்டவர் காமரான் என்ற ஆங்கிலேயர். பூச்சி நம்முடையது, பிரமாணம் அவர்கள் பெட்டியில்! 2002ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம் இந்நிலையை மாற்றியிருக்கிறது. புதிய இனம் எதைக் கண்டாலும் குறிப்பிட்ட தேசிய ஸ்தாபனத்துக்கு அறிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்கவேண்டும் என்பது அதன் விதி. ஆனால் சட்டம் பெட்டியைத்தான் தரும். பெட்டியை நிரப்பும் கண்ணைத் தராது. எம். எஸ். மணி, அலிகாரின் முகம்மது ஹயாத், கோழிக்கோட்டின் டி. சி. நரேந்திரன் போன்றோர் ஆயுள் முழுதும் உழைத்து வளர்த்த வித்தை இது. இதற்கு விரைவில் பணமும் இல்லை, புகழும் இல்லை. ஆகவே வாலிபர் இப்பக்கம் திரும்புவதில்லை.

இதற்கிடையில் வயலில் நடப்பது என்ன? புழுவைக் கண்ட மாத்திரத்தில் விஷமருந்து தெளிக்கப்படுகிறது. புழு தண்டினுள் பத்திரமாக இருக்கிறது. வெளியே திரியும் குளவியே முதலில் சாகிறது. காவலனைக் கொன்றுவிட்டுக் கள்ளனுக்குக் கதவு திறப்பது போலாகிறது. பெயரிடப்படாத குளவி செத்தால், அதற்காக வழக்காட ஒருவருமில்லை. கணக்கில் இல்லாத சொத்து களவு போனால் யாரிடம் முறையிடுவது?

நிருபதுங்க பல்லவன் காலத்தில், 9ம் நூற்றாண்டில், பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டன என்பதை அவ்வூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் நிறுவப்பட்டதும் புதுவையிலேதான். இத்தகைய பூமியில் இவ்வேலை தொடங்குவதற்கு மலையளவு திரவியம் வேண்டியதில்லை. பள்ளிக்கு ஒரு நுண்பெருக்கியும், பத்து மஞ்சள் தட்டும், முட்டைக்குவியலைக் குழாயில் இட்டுக் காத்திருக்கும் பொறுமையும் போதும். பிள்ளைகள் சேகரித்ததை நிபுணரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்கட்டும். கிராமங்களில் ஊழியம் செய்யும் நம் அன்பர்கள், மருந்துக்கடைக்குப் போகுமுன் முட்டைக்குவியலைத் திருப்பிப் பார்க்கும்படி குடியானவர்களுக்குச் சொல்லட்டும். மண்ணின் உரிமை பேசும் நாம், அந்த மண்ணைக் காக்கும் சிற்றுயிரின் பெயரையாவது அறிந்திருத்தல் கடமையன்றோ?