இடியன் துவக்கும் இரண்டு அம்புகளும்

2011 ஆம் ஆண்டு ஆவணி மாதம். இணுவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு அப்பால் தென்னங்கன்று நடுவதற்குக் குழி வெட்டுவித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முழ ஆழத்தில் மண்வெட்டி இரும்பிற் பட்டு ஒலித்தது. வெட்டிய முதியவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் பத்தடி தூரம் ஓடிப்போய் நின்றார். போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே சென்றிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மண்ணுக்குள் இரும்பு ஒலித்தால் ஓடுவதே அறிவுடைமை. நான் ஓடவில்லை. அங்கே கிடப்பது இன்னதென்று எனக்குத் தெரியும்.

அது எங்கள் பாட்டனார் காலத்து இடியன் துவக்கு. தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் ஒரே துருக்கியச் சொல்லின் வழிவந்தவை என்பர் அறிஞர். ஆயின் 'இடியன்' என்பது நம்மவர் தாமே படைத்துக்கொண்ட பெயர். வாய்வழியே மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, சன்னத்தைப் போட்டு, கோலால் இடித்து இறுக்குவதனால் இடியன். அதன் தொழிலை இதனினும் சுருக்கமாகச் சொல்லும் சொல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வன்னியில் வயல் வைத்திருந்த பாட்டனார், பன்றி காவலுக்கென அதை வாங்கினாராம். பின்பு அது இணுவிலுக்கு வந்து, புகையிலைத் தோட்டத்து நரிகளை வெருட்டியது. ஆண்டு முடிவதற்குள் கச்சேரிக்குப் போய் லைசன்சைப் புதுப்பிப்பது என் தகப்பனார் தவறாது செய்த கருமங்களுள் ஒன்று. 1980களின் நடுவில் அதுவும் நின்றது. புதுப்பிக்கப் போவதற்கும் அச்சம். துவக்கு இருக்கிறதென்று பிறர் அறிவதற்கும் அச்சம். வீடு வீடாகத் துவக்குத் தேடித் திரிந்த காலமல்லவா அது! துவக்கு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு காகிதம் காலாவதியானது. எங்கள் வீடு குற்றம் நிகழும் வீடாயிற்று. 1995 ஐப்பசி 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்ததே, அதற்கு முந்திய இரவில் ஐயா அதற்குக் கொழுப்புப் பூசி, வாயை மெழுகுத் துணியால் அடைத்து, சாக்கிற் சுற்றிப் புதைத்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபின்னும் தோண்டவில்லை. 2003 இல் இறக்குமுன் இடத்தை மட்டும் எனக்குச் சொன்னார்.

அன்றிரவு அது என் மேசைமேற் கிடந்தது. அவ்விரவு முழுவதும் நான் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளியே என்பதை மறைக்கப் போவதில்லை. முதலில் மருந்து கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மெல்லிய கம்பைக் குழலுக்குள் விட்டு, வாயளவில் அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்து அளக்கவேண்டும். கம்பு கேப்பு வைக்கும் முளைவரை சென்றிருந்தால் வெறுங்குழல். நாலு விரல் குறைந்தால் உள்ளே மருந்து உண்டு. நூறாண்டு கிடந்த மருந்தும் வெடிக்கும். எங்களுடையது வெறுங்குழல்.

மரப்பிடியைக் கறையான் பாதிக்கு மேல் தின்றிருந்தது. பித்தளைப் பூண்கள் களிம்பேறிப் பச்சையாய் இருந்தன. குழலை மரத்தோடு பிணைக்கும் வளையங்கள் மூன்று. பூட்டுத் தகட்டிலே மண்ணெண்ணெயிட்டுத் தேய்த்தபோது ஒரு முடியும், 'டவர்' என்ற ஆங்கிலச் சொல்லும், 1862 என்ற ஆண்டும் தெரிந்தன. அப்பொழுதுதான் எனக்கு நெஞ்சு படபடத்தது. பன்றி சுடச் செய்த துவக்கன்று அது. ஆங்கிலப் படைக்கென்று செய்த, 1853 ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு. அதன் குழலின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 577 பங்கு. 1857 இல் வட இந்தியச் சிப்பாய்கள் பல்லாற் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா இந்த மாதிரித் துவக்குக்காக வந்ததுதான். பள்ளியில் ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை நடத்தினேன். அதன் கூடப்பிறந்தது என் கிணற்றடியிற் கிடந்ததை அறியாமல்!

குழலின் அடியில் இரண்டு சிறிய அம்புக்குறிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஓர் அம்பு என்றால் ஆங்கில அரசின் உடைமை. இரண்டு அம்புகள் எதிரெதிரே என்றால், அரசு கழித்து விற்றுவிட்டது என்று பொருள். படையாள் கையிலிருந்து கமக்காரன் கைக்கு வந்த வழியை அந்த இரண்டு கீறல்களும் சொல்லிவிட்டன. அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தகட்டின்மேல் வைத்துப் பென்சிலால் உரசி, படியெடுத்துக்கொண்டேன்.

காலையில் விதானையாருக்கு அறிவித்தேன். பின்பு வந்த அதிகாரியிடம் இதன் பழமையை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்ரர், சட்டத்துக்குப் பழந்துவக்கு, புதுத்துவக்கு எண்டு இல்லை. துவக்கெண்டால் துவக்குத்தான்" என்றார்.

அவரைக் குறைகூற என்னால் இயலவில்லை. அவர் கைக்குக் கிடைத்தது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலக் கட்டளைச் சட்டம். அனுமதியின்றித் துவக்கு வைத்திருத்தல் ஆகாது என்பதே அதன் அடிப்படை. 1996 இன் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. போர் கண்ட நாட்டில் அது கூடாதென்று யார் சொல்வார்?

இதே துவக்கு அமெரிக்காவிற் கிடைத்திருந்தால் கதை வேறு. அங்கே 1968 ஆம் ஆண்டுச் சட்டம் 1898 இலோ அதற்கு முன்னோ செய்தவற்றைப் பழம்பொருள் என ஒதுக்கிவிடுகிறது. அதே 1968 இல் இயற்றிய பிரித்தானியச் சட்டம், பழந்துவக்கை அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருப்பதற்கு இடம் தருகிறது. எவை அப்படிப்பட்டவை என்பதை 2021 இல் விதிகள் வகுத்து வரையறுத்தார்கள். இந்தியாவின் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இன்னும் இறுக்கமானது: பழமை மட்டும் போதாது, பழுதுபார்த்தாலும் சுடமுடியாததாய் இருக்கவேண்டும். எனக்கு இதுவே நியாயமாய்ப் படுகிறது. நம் நாட்டிலோ 1940 இல் இயற்றிய தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச்சு 2 ஆம் நாளைக் கோடாகக் கிழித்தது. கண்டி ஆங்கிலேயர் வசமான நாள் அது. அந்தக் கோட்டின்படி என் துவக்கு 47 ஆண்டு பிந்திப் பிறந்த பிள்ளை. தொல்பொருளுமன்று, அனுமதியுள்ள ஆயுதமுமன்று. வேண்டாப் பொருள்.

2024 இல் கொழும்பு நூதனசாலைக்குச் சென்று, ஒல்லாந்து திருப்பித் தந்த லெவுகே திசாவையின் பீரங்கியைப் பார்த்தேன். பொன்னும் வெள்ளியும் சிவப்புக் கற்களும் பதித்த சிறிய வெண்கலப் பீரங்கி. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது கவர்ந்து சென்றது. 2023 மார்கழியில் வேறு ஐந்து பொருள்களுடன் திரும்பியது. அவற்றுள் இரண்டு பெருந்துவக்குகளும் உண்டு. அவை எங்கிருந்து, யார் கையால், எப்படிப் போயின என்பதை ஆராய்ந்து எழுதியபின்பே திருப்பித் தந்தார்கள். மகிழ்ச்சியுடன் நின்று பார்த்தேன். சற்றுப் பொறாமையும் உண்டாயிற்று. அரசன் துவக்குக்கு வரலாறு எழுத ஆள் இருக்கிறார்கள். நல்லூர் நாவலர் வீதியிலுள்ள நம் நூதனசாலையின் வாயிலில், நான் கண்ட நாளில், கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்தப் பீரங்கிகள் இரண்டு திமிங்கில எலும்புகளோடு துருவேறிக் கிடந்தன. அவையாவது கிடந்தன. கமக்காரனின் இடியன் ஒன்றையேனும் நான் அங்கே காணவில்லை.

என் தவறையும் சொல்லவேண்டும். துவக்கைக் கையளித்தபோது, அதைத் தொல்லியலார் பார்த்தபின்பே முடிவு செய்யும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். மூன்று வளையம், முடி, ஆண்டு, அம்புகள் என்று அடையாளங்களைப் பற்றுச்சீட்டிற் பதியும்படி கேட்டிருக்கலாம். வரலாறு படிப்பித்தவனுக்கு அந்த எண்ணம் வரவில்லை. குற்றத்திலிருந்து விடுபட்டால் போதும் என்றிருந்தது. சீட்டில் 'துருப்பிடித்த துவக்கு – 1' என்றிருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து விசாரித்தபோது, அப்படிப் பல இருந்தன, எது உங்களுடையதென்று எப்படிச் சொல்வது என்றார்கள். என் பென்சிற் படியைக் காட்டினேன். துவக்குகள் அப்போது அங்கே இல்லை.

இப்பொழுது நான் துவக்குத் தேடுவதில்லை. அது என் போன்றோர் வேலையுமன்று. பழைய துவக்கு லைசன்சுப் புத்தகங்களைத் தேடுகிறேன். துவக்கின் இலக்கம், வைத்திருந்தவர் பெயர், எதற்கென்று பெற்றார் என்ற விவரம் எல்லாம் அவற்றில் இருக்கும். அவற்றை வைத்திருக்க எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. இணுவில், கோண்டாவில், உடுவில் அன்பர்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால் ஒருநாள் இரவல் தந்தால் போதும். பார்த்தெழுதிக்கொண்டு திருப்பித் தருவேன். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. ஒன்று 1938 ஆம் ஆண்டுக்குரியது. அதிலும் காரணம் 'பன்றி காவல்' என்றே இருக்கிறது.