பெரிய பிஸ்தாவும் சின்னக் கடலையும்!

"மனசுல பெரிய பிஸ்தான்னு நெனப்பா?"

அலட்டுகிற ஆளைப் பார்த்து இப்படிக் கேட்பது உண்டு. அந்தப் பருப்பின் விலை அப்படி!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றால் எல்லோருக்கும் பால்கோவா ஞாபகம்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் ஆச்சே! பாலும் சர்க்கரையும்தான் அதில் சரக்கு. சர்க்கரை நோயாளி ஆசைப்பட்டு என்ன பயன்?

"இனிப்பை விடுங்க. பசிச்சா கொஞ்சம் பிஸ்தா, பாதாம் சாப்பிடுங்க" என்பார்கள் டாக்டர்கள்.

பக்கத்து ஊர் ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிறவர் இதைக் கேட்டால், நோயைவிட மருந்துக்குத்தான் பயப்படுவார்!

என்ன சத்து?

100 கிராம் பிஸ்தாவில் புரதம் சுமார் 20 கிராம். நார்ச்சத்து 10 கிராம். கொழுப்பு 45 கிராம். பயம் வேண்டாம், பெரும்பகுதி இதயத்துக்கு இதமான கொழுப்புதான். கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். மாவுச்சத்து குறைவு என்பதால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது.

ஒரு கைப்பிடி போதும். உப்புப் போட்டு வறுத்தது ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது. பொட்டாசியம் அதிகம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கடலை சளைத்ததா?

ஈரானில் இருந்தும், அமெரிக்காவில் இருந்தும் கப்பல் ஏறி வரும் சரக்கு பிஸ்தா. விலைக்குக் கேட்பானேன்!

2003-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் ஒரு விளம்பர வாசகத்தை அனுமதித்தது. நிறைவுற்ற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் குறைந்த சாப்பாட்டோடு தினமும் 42 கிராம் கொட்டைப் பருப்பு தின்றால் இதய நோய் ஆபத்து குறையலாம் என்பது அது. அந்தப் பட்டியலில் பிஸ்தா உண்டு.

நம்ம ஊர் நிலக்கடலையும் உண்டு! அதில் புரதம் 100 கிராமுக்கு சுமார் 25 கிராம். பிஸ்தாவையே முந்துகிறது. அவித்தோ வறுத்தோ தின்னலாம்.

சாயம் போன பிஸ்தா

கடலையைச் சீவி, பச்சைச் சாயம் ஏற்றி "பிஸ்தா சீவல்" என்று தலையில் கட்டுகிற ஆசாமிகளும் உண்டு. தண்ணீரில் போட்டதும் பச்சை இறங்கினால் சந்தேகப்படுங்கள். காசு போவது மட்டும் அல்ல. கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு உயிருக்கே ஆபத்து.

பூசணம் பிடித்த பருப்பு, பிஸ்தாவோ கடலையோ, ஈரலைக் கெடுக்கும். இந்தப் பூசண விஷத்துக்காகத்தான் 1997-ல் ஈரான் பிஸ்தாவுக்கு ஐரோப்பிய நாடுகள் சில காலம் தடை போட்டன. ஒரு பருப்பு கசந்தாலும் விழுங்காதீர்கள். துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள்.